துவைக்கிற கல்லில் தேயும் துணிகள்

நேயர்களுக்கு வணக்கம். உடுத்துவதால் தேய்கிற துணியைவிட, துவைப்பதால் தேய்கிற துணிதான் நம் வீடுகளில் அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பழைய சட்டை ஒன்றின் காலரைப் பாருங்கள், பிரஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்தே மடிப்பில் நூல் பிரிந்திருக்கும். அழுக்கு போக பிரஷ் வேண்டியதில்லை. காலரிலும் கைமடிப்பிலும் சோப்பைத் தடவி அரைமணி நேரம் ஊறவைத்து, கையால் கசக்கினாலே பெரும்பாலும் போய்விடும்.

இதில் அதிகம் அடிபடுவது ரேயான். இன்று நைட்டி, குர்த்தி என்று வாங்குவதில் நிறைய ரேயான்தான், கடையில் கேட்டால் "காட்டன் மாதிரிதாம்மா" என்பார்கள். தொட்டால் அப்படித்தான் இருக்கும், ஆனால் தண்ணீர் பட்டதும் இரண்டும் வேறு வேறு. பருத்தி நனைந்தால் இன்னும் வலுவாகும், அதனால்தான் நம் பாட்டிமார் கல்லில் அடித்துத் துவைத்த வேட்டியும் புடவையும் தாக்குப்பிடித்தன. ரேயான் நனைந்தால் ஏறக்குறைய பாதி வலுவை இழந்துவிடும். அந்த நிலையில் அதை அடிப்பதும் முறுக்கிப் பிழிவதும் நாமே கிழிப்பதற்குச் சமம். லேசாக அலசி, பிழியாமல், இரண்டு உள்ளங்கைக்கு நடுவே அழுத்தித் தண்ணீரை எடுத்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி நிழலில் போடுங்கள். சாயமும் நிற்கும்.

அப்புறம் சாம்பார்க் கறை. வெள்ளைச் சட்டையில் மஞ்சள் பட்ட இடத்தில் சோப்பு போட்டதும் சிவந்துவிடும், உடனே பயந்துபோய் பிளீச்சிங் ஊற்றுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். சோப்பின் காரத்தால் மஞ்சளின் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான். நன்றாக அலசி நல்ல வெயிலில் காயப்போடுங்கள், வெயில் பட்டால் மஞ்சள் தானே வெளுக்கும். பிளீச்சிங் அடிக்கடி பட்டால் கறையோடு நூலும் நைந்துபோகும்.

போர்வெல் உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் சோப்புக் கட்டி நுரைக்காது, வெள்ளைப் படிவுதான் துணியில் தங்கும், துணி முரடாகிவிடும். அங்கே சோப்புத்தூளே மேல். அதையும் அள்ளிக் கொட்டாதீர்கள், அலசிப் போகாத தூள் துணியிலேயே நின்றுவிடும்.

பட்டுக்கு மட்டும் அந்தத் தூள் ஆகாது. பட்டு என்பது புரதம். என்சைம் சேர்த்த தூளோ ரத்தம், பால் போன்ற புரதக் கறைகளை அரிப்பதற்கென்றே செய்யப்பட்டது, பட்டு இழையையும் மெல்ல அரித்துவிடும். ஜரிகைப் புடவைக்கு நடுவே பாச்சை உருண்டை வைக்காதீர்கள், ஜரிகை கறுக்கும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துக் காற்றாட விட்டு, பழைய மடிப்பு விழாமல் மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் புடவை அந்த மடிப்பிலேயே விட்டுப்போகும்.

நன்றி, வணக்கம்.