மேலூர் நெல்லும் ஜெனீவா மேசையும்

எல்லோருக்கும் வணக்கம்.

பன்னாட்டு உறவுகள் முதுகலையில் சேர்ந்திருக்கும் உங்களில் இரண்டு பேர் போன வாரம் என்னிடம் வந்து, "ஐயா, போர், தூதரகம், ஒப்பந்தம் எல்லாம் படிக்கத்தானே வந்தோம். உலகமயமாக்கல் என்று தனியாக ஒரு தாள் எதற்கு? அது பொருளாதாரத் துறைக்காரர்கள் படிப்பதில்லையா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம் துறைக்கென்று முதல் பேராசிரியர் இருக்கை 1919இல், வேல்ஸிலுள்ள அபெரிஸ்ட்வித்தில் ஏற்பட்டது. முதல் உலகப் போர் ஓய்ந்த கையோடு பிறந்த துறை என்பதால், போரை எப்படித் தடுப்பது என்பதுதான் அன்று பெரிய கவலை. சந்தையும் வயலும் நம் பாடத்துக்குள் பிந்தித்தான் வந்தன.

மதுரையில் உலகமயமாக்கல் என்றதும் மல்லிகையைத்தான் சொல்வார்கள். மாட்டுத்தாவணியில் விடியற்காலை கைமாறும் பூ விமானம் ஏறி சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறது. எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் சரக்கு கடல் கடப்பது நமக்குப் பழைய கதை. முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரி எழுத்தாளர் பிளினி, இந்தியாவும் சீனாவும் அரேபியாவும் ஆண்டுக்குப் பத்துக் கோடி செஸ்டெர்ஸ் நாணயங்களைக் கொண்டுபோய்விடுகின்றன என்று வருந்தி எழுதியிருக்கிறார். பாண்டிநாட்டு முத்தும் அதற்கு ஒரு காரணம். நம் காலத்துக்கு வந்தால், ஓர் அரசு தன் சொந்த விவசாயிக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதையே பல அரசுகள் கூடி உட்கார்ந்து எழுதுகின்றன. அதைத்தான் இந்தத் தாளில் படிக்கப் போகிறீர்கள்.

மேலூர்ப் பக்கம் அறுவடைக் காலத்தில் அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போயிருக்கிறீர்களா? என் அப்பாவோடு குவியலுக்குக் காவலாகப் படுத்திருக்கிறேன். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் திரும்பக் காயப்போட வேண்டும். அதற்குள் மழை வந்தால் போச்சு. அங்கே எடை போட்டு வாங்கும் நெல்தான் அரிசியாகி ரேஷன் கடைக்கு வருகிறது. அந்தக் களத்துக்கும் ஜெனீவாவுக்கும் ஒரு கணக்கு ஓடுகிறது என்று அப்பாவுக்குத் தெரியாது. எனக்கே வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

1995இல், நாடுகளுக்கிடையேயான வணிகத்துக்கு விதி வகுக்கும் உலக வர்த்தக அமைப்பு ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியபோது வேளாண்மை ஒப்பந்தமும் கூடவே வந்தது. அதன்படி, வளரும் நாடு ஒரு பயிருக்குத் தரும் விலை ஆதரவு, அந்தப் பயிரின் உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சரி, ஆதரவு எவ்வளவு என்று எப்படி அளப்பது? இன்றைய கொள்முதல் விலையை 1986-88 காலத்து உலகச் சந்தை விலையோடு ஒப்பிட்டு! அன்றைக்கு டீ என்ன விலை, இன்றைக்கு என்ன விலை? விலைவாசி ஏறினாலே, விவசாயி கையில் கூடுதலாக எதுவும் தங்காவிட்டாலும், தாளில் ஆதரவு ஊதிவிடும். இதற்காக இந்தியா சண்டை போட்டது. 2013இல் அந்த அமைப்பின் பாலி மாநாட்டில் சமாதான ஷரத்து ஒன்று கிடைத்தது: நிரந்தரத் தீர்வு வரும்வரை, சில நிபந்தனைகளோடு, வரம்பு தாண்டினாலும் யாரும் வழக்குப் போடக் கூடாது. அரிசியில் வரம்பைத் தாண்டிவிட்டதாக 2020இல் இந்தியாவே தெரிவித்து அந்த ஷரத்தைப் பயன்படுத்தியது. 2024இல் அபுதாபி மாநாடும் தீர்வு காணாமல் முடிந்தது.

இதோடு நிறுத்தினால் அரைப் பாடம்தான். தாய்லாந்தும் அரிசி விற்கிற நாடு. மக்களுக்கென்று மானியத்தில் வாங்கிய அரிசியை இந்தியா வெளியே விற்று எங்கள் விலையைக் கெடுக்கிறது என்பது அவர்கள் குறை. அங்கே இருப்பவரும் சேற்றில் கால் வைத்தவர்தான். அவர் பக்கம் நின்றும் ஒரு முறை இந்த வழக்கை வாதாடிப் பாருங்கள். எனக்கு இந்தியாவின் வாதமே சரியென்று படுகிறது. 1986-88 விலையை இன்னும் அளவுகோலாக வைத்திருப்பது அநியாயம். அதற்காக எதிராளி சொல்வதைப் படிக்காமல் நீங்கள் தேர்வு எழுதினால் மதிப்பெண் தர மாட்டேன்.

அப்புறம், முதல் கட்டுரைக்கு நூலகத்தில் தொடங்க வேண்டாம். அறுவடை தொடங்கியதும் இரண்டிரண்டு பேராக மேலூர்ப் பக்கம் போங்கள். நெல்லோடு காத்திருப்பவரிடம் மூட்டைக்கு என்ன கிடைத்தது, எத்தனை நாள் காத்திருந்தார், வியாபாரி என்ன விலை கேட்டார் என்று விசாரித்து எழுதி வாருங்கள். ஒப்பந்தத்தின் நகலை அதற்கு அடுத்த வகுப்பில் தருகிறேன்.