கேசட்டில் பார்த்த டாக்டர் ஹூ

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் பழைய அறிவியல் புனைவுத் தொடர்களைப் பற்றிப் பேச்செடுத்தால், அவற்றை விரும்பிப் பார்த்தவர்கள்கூட முதலில் சொல்வது, கதவைச் சாத்தும்போது சுவரும் சேர்ந்து ஆடியதைப் பற்றித்தான். மங்கலான படம், மெதுவாக நகரும் கதை, ரப்பர் உடை அணிந்த வேற்றுக்கிரகவாசிகள் என்று அந்தப் பட்டியல் நீளும். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நம்மில் பலர் இத்தொடர்களை ஒளிபரப்பான காலத்தில் பார்த்தவர்கள் அல்லர். பின்னாளில் வீடியோ கேசட்டில் பார்த்தவர்கள். தொடரின் மேல் நாம் சுமத்துகிற குறைகளில் கணிசமானவை அந்தக் கேசட்டின் குறைகள் என்பதும், தொடரின் உண்மையான குறைகள் சிலவற்றை அதே கேசட் மறைத்து உதவியது என்பதும் இன்று அவற்றை மறுபடி பார்க்கும்போது தெளிவாகத் தெரிகின்றன.

தொடக்கத்திலிருந்து வருவோம். 1953-ஆம் ஆண்டு கோடையில், வடக்கு லண்டனிலுள்ள அலெக்சாண்ட்ரா பேலஸ் நிலையத்திலிருந்து, நைஜல் நீல் எழுதிய குவாட்டர்மாஸ் தொடரின் முதல் கதையைப் பிபிசி ஆறு வாரம் நேரலையாக ஒளிபரப்பியது. விண்வெளிக்குச் சென்று திரும்பிய ராக்கெட்டில் மூவருக்குப் பதிலாக ஒருவர் மட்டுமே இருக்கிறார் என்பது கதையின் முடிச்சு. ஒளிபரப்பைப் பதிவு செய்ய அன்று இருந்த ஒரே வழி, ஒரு திரையில் ஓடுகிற படத்தை எதிரே படக்கேமராவை நிறுத்திப் பிடிப்பதுதான். அப்படிப் பிடித்த இரண்டு அத்தியாயங்களே இன்று உள்ளன. இரண்டாவதில் ஒரு பூச்சி அந்தத் திரையின் மேல் உட்கார்ந்துகொண்டு நகர மறுக்கிறது. நடிகர்கள் உயிரைக் கொடுத்து நடித்துக்கொண்டிருக்க, அதுவும் அவர்களோடு படத்தில் இருக்கிறது. பதிவின் தரம் போதவில்லை என்று மற்ற நான்கையும் பதிவு செய்யாமலே விட்டுவிட்டார்கள்.

டாக்டர் என்ற மர்மப் பயணி தன் விண்கலத்தில் காலத்தையும் விண்வெளியையும் கடந்து செல்லும் தொடர் டாக்டர் ஹூ. பத்து ஆண்டுகள் கழித்து வந்த அதற்கு வாய்த்தது வேறு வகையான சங்கடம். 1963 நவம்பர் 23-ஆம் நாள், அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள், அதன் முதல் அத்தியாயம் ஒளிபரப்பானது. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு அப்போது வயது 27; இயக்குநர் வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர், அவருக்கு வயது 24. லைம் குரோவ் என்ற இடத்திலிருந்த நெருக்கடியான, பழைய ஸ்டூடியோவில் ஏறத்தாழ ஒரு மேடை நாடகத்தை நடத்துவதுபோலவே தொடர்ச்சியாகப் பதிவு செய்தார்கள். ஒளிநாடாவை வெட்டி ஒட்டுவது செலவு பிடித்த வேலையாக இருந்ததால், நடிகர் ஒரு சொல்லில் தடுக்கினாலும் சமாளித்துக்கொண்டு மேலே போக வேண்டியதுதான். முதியவரான முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் அடிக்கடி வசனம் தடுமாறுவதைப் பார்த்து இன்று சிரிக்கிறோம். இன்னொரு முறை எடுக்கும் வாய்ப்பு இன்றைய நடிகருக்கு இருப்பதையும் அவருக்கு இல்லாமற்போனதையும் சேர்த்து நினைப்பதில்லை. இருந்தும், முதல் அத்தியாயத்தை முழுவதுமாக மறுபடி எடுத்தார்கள். செப்டம்பரில் எடுத்த பதிவில் விண்கலத்தின் கதவுகள் சாத்த மறுத்துக் காட்சி முழுவதும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. டாக்டரும் தேவைக்கு மேல் கடுகடுப்பாக இருந்தார். நாடகப் பிரிவின் தலைவர் சிட்னி நியூமன் பார்த்துவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். நல்லவேளையாக இரண்டு பதிவுகளும் தப்பியிருக்கின்றன. அடுத்தடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் அதே வசனங்களை வைத்துக்கொண்டே ஹார்ட்னெல் சிடுசிடுப்பை எந்த அளவுக்குக் குறைத்தார், எங்கே ஒரு குறும்பைச் சேர்த்தார் என்பதை வரிக்கு வரி கவனிக்கலாம்.

தப்பியிருக்கின்றன என்று சொல்லக் காரணம் உண்டு. இரண்டு அங்குல அகல ஒளிநாடா விலை உயர்ந்தது. ஒரு நிகழ்ச்சியை அழித்துவிட்டு இன்னொன்றை அதிலேயே பதிவு செய்ய முடியும். நடிகர் சங்கத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் மறு ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தின. வண்ணத் தொலைக்காட்சி வந்த பிறகு கறுப்பு வெள்ளை நிகழ்ச்சியை யாரும் கேட்கப் போவதில்லை என்றும் எண்ணினார்கள். வீட்டுக்கு வீடு ஒரு பெட்டி வரும், அதில் மக்கள் பழைய நிகழ்ச்சிகளைக் காசு கொடுத்து வாங்கிப் பார்ப்பார்கள் என்பது அன்று எவர் கணக்கிலும் இல்லை. இதனால் அறுபதுகளில் வந்த டாக்டர் ஹூவின் மூல நாடாக்கள் அழிந்தன. எஞ்சியவற்றில் மிகப் பெரும்பாலானவை வெளிநாட்டு விற்பனைக்காகத் திரையிலிருந்து 16 மில்லிமீட்டர் படச்சுருளில் பிடித்த பிரதிகள். நொடிக்கு 50 முறை புதுப்பிக்கப்பட்ட வீடியோ படம் அந்தச் சுருளில் 25 படச்சட்டங்களாகச் சுருங்கியது. ஒளிபரப்பான இரவில் கண்ணெதிரே நடப்பதுபோல் தெரிந்த ஒன்று, பிரதியில் பழைய சினிமாவாகிவிட்டது. அந்தப் பிரதியிலிருந்து கேசட்டுக்கு வந்தபோது மேலும் மங்கியது. டிவிடி வந்த பின், விடுபட்ட அசைவைக் கணினியால் மீட்கும் முறையைக் கையாண்டார்கள். அப்படிச் செப்பனிட்ட ஓர் அத்தியாயத்தைப் பார்க்கிறவர் முதலில் வியப்பது ஒளியமைப்பைப் பார்த்துத்தான். நாம் இருட்டு என்று நினைத்திருந்த இடங்களிலெல்லாம் நிழல்கள் திட்டமிட்டு விழுகின்றன.

கேசட் செய்த இன்னொரு காரியம் இதைவிடப் பெரியது. 1983-இல் டாக்டர் ஹூவின் முதல் வீடியோ கேசட் வெளிவந்தது. 1975-இல் ஒளிபரப்பான, பின்னாளில் டாக்டராக வந்த டாம் பேக்கர் நடித்த, சைபர்மேன் எனும் இயந்திர மனிதர்களின் கதை அது. சாமர்செட்டின் வூக்கி ஹோல் குகைகளில் பல காட்சிகளை எடுத்திருந்தார்கள். விலை 39 பவுண்டு 95 பென்ஸ், அன்றைக்கு அது சிறிய தொகை அன்று. நான்கு அத்தியாயங்களையும் ஒரே படமாக ஒட்டி, இடையில் வரும் தலைப்பு, முடிப்பு எல்லாவற்றையும் நீக்கியிருந்தார்கள். வார இதழில் வந்த தொடர்கதையில் ஒவ்வோர் இயலின் முடிவிலும் வரும் "தொடரும்" என்ற சொல்லை அழித்துவிட்டு ஒரே மூச்சில் படிக்கச் சொன்னதற்கு ஒப்பான செயல் இது. இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்துவதற்காகவே எழுதிய கதையில், அந்த நிறுத்தத்தை எடுத்துவிட்டால், காரணமில்லாமல் ஓடுவதும் பிடிபடுவதும் தப்புவதும் மறுபடி பிடிபடுவதுமாகத்தான் அது தெரியும். கதை நீள்கிறது என்ற புகாரின் பாதி இங்கே பிறந்தது என்பது என் எண்ணம். ஒரு மாலைக்கு ஓர் அத்தியாயம் என்று பார்க்கிறவருக்கு அந்தப் புகார் பெரிதாகத் தோன்றாது.

காணாமற்போன அத்தியாயங்கள் திரும்பி வந்தபோது நடந்தவை இன்னும் சுவையானவை. சைபர்மேன்களின் கல்லறை பற்றிய 1967-ஆம் ஆண்டுக் கதையை, நேரில் பார்த்தவர்களின் நினைவு ஒரு காவியமாகவே வளர்த்து வைத்திருந்தது. அதன் நான்கு அத்தியாயங்களும் ஹாங்காங்கிலிருந்து கிடைத்து, 1992-இல் கேசட்டாக வெளிவந்து விற்பனைப் பட்டியலின் உச்சிக்கே போயின. பார்த்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ஏமாற்றம். தூக்கி எறியப்படும் மனிதரைத் தாங்கும் கம்பி தெரிகிறது. ஓர் இடத்தில் சைபர்மேனுக்குப் பதிலாக உள்ளே ஆளில்லாத வெற்று உடையை வைத்துச் சமாளித்திருப்பதும் தெரிகிறது. ஆனால் அதே கதையின் மூன்றாம் அத்தியாயத்தில், எல்லாரும் உறங்கிக்கொண்டிருக்க, டாக்டருடன் பயணம் செய்பவளும் அண்மையில் தந்தையை இழந்தவளுமான விக்டோரியா காவலுக்கு உட்கார்ந்திருக்கிறாள். டாக்டராக நடிக்கும் பாட்ரிக் டிரவுட்டன் அருகில் வந்து அமர்ந்து, அவளுடைய துயரத்தைப் பற்றி விசாரிக்கிறார். அவருடைய குடும்பம் அவருக்கு நினைவிருக்கிறதா என்று அவள் கேட்கிறாள். நினைக்க வேண்டுமென்று விரும்பும்போது நினைவுக்கு வருவார்கள், மற்ற நேரங்களில் மனத்துக்குள் உறங்குகிறார்கள் என்ற பொருளில் அவர் பதில் சொல்கிறார். தந்திரக் காட்சியும் இல்லை, இசையும் இல்லை, இரண்டு முகங்கள்தான். கம்பி தெரிந்ததைப் பேசியவர்கள் இந்தக் காட்சியைப் பேசாமல் விட்டதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இதற்கு நேர்மாறானது 2013-இல் நடந்தது. நைஜீரியாவின் ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து ஒன்பது அத்தியாயங்கள் மீண்டன. அவற்றோடு சேர்ந்து முழுமை பெற்றது 1967-68-இல் வந்த ஒரு கதை. டாக்டராகவும், அவரைப் போலவே தோற்றமுள்ள சலமாண்டர் என்ற சர்வாதிகாரியாகவும் டிரவுட்டனே அதில் நடிக்கிறார். அதுவரை அக்கதையின் மூன்றாம் அத்தியாயம் மட்டுமே இருந்தது. ஆறில் அதிகம் எதுவும் நடக்காத அத்தியாயம் அது. ஒரு சமையல்காரர் சலித்துக்கொண்டே பேசும் சமையலறைக் காட்சிகளுக்காகத்தான் நினைவில் நிற்கிறது. அந்த ஒன்றை வைத்து, முழுக்கதையும் மந்தமானது என்று நூல்களில் எழுதி முடித்திருந்தார்கள். மற்ற ஐந்தும் வந்து சேர்ந்தபோது ஹெலிகாப்டர் துரத்தலும், ஒரே நடிகர் இரண்டு உச்சரிப்பில் இரண்டு ஆட்களாக மாறும் வித்தையும் கண்ணெதிரே நின்றன. தீர்ப்பை மாற்றி எழுத வேண்டியதாயிற்று. இந்த மீட்புக்குப் பிறகும் 97 அத்தியாயங்கள் கிடைக்காமலே இருந்தன.

இனித் திரைப்படங்கள். டாக்டரின் எதிரிகளான, உலோகக் கூட்டுக்குள் வாழும் டாலெக்குகளின் புகழ் உச்சத்திலிருந்த 1965-லும் 1966-லும், பீட்டர் குஷிங் நடிப்பில் இரண்டு வண்ணப்படங்கள் குழந்தைகளையும் பெற்றோரையும் மனத்தில் வைத்து எடுக்கப்பட்டன. இவற்றைக் கேசட்டில் மட்டும் பார்த்தவர்கள், படத்தைப் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பார்த்திருக்கிறார்கள். திரையரங்கில் படத்தின் அகலம் உயரத்தைப் போல் 2.35 மடங்கு; அன்றைய தொலைக்காட்சித் திரையில் 1.33 மடங்கு. சதுரத்துக்கு அருகான அந்தப் பெட்டிக்குள் படத்தை நிரப்ப, நூற்றில் 43 பங்கை ஓரங்களில் வெட்டிவிட்டார்கள். முதல் படத்தில் டாலெக்குகளின் கட்டுப்பாட்டு அறை ஒரு காட்சிப்பொருள். அன்று நாகரிகமாக இருந்த, வண்ணமெழுகு மேலும் கீழும் மிதக்கும் விளக்குகளைக்கூட அதில் இயந்திரங்களாக வைத்திருக்கிறார்கள். வெட்டிய படத்தில் ஒரு டாலெக்கும் அரை விளக்கும் மிஞ்சும். போதாததற்கு, நொடிக்கு 24 சட்டமாக எடுத்த படத்தைப் பிரிட்டிஷ் கேசட் 25 சட்டமாக ஓட்டியது. அதனால் 84 நிமிடப் படம் 81 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எல்லாருடைய குரலும் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறிவிடும். இசைக்காது உள்ளவர்கள் மட்டுமே கண்டுபிடிப்பார்கள்.

இரண்டாவது படத்தில் காவலராக வரும் பெர்னார்ட் கிரிபின்ஸ், நான்கு ஆண்டு கழித்து, லயனல் ஜெஃப்ரிஸ் இயக்கிய தி ரயில்வே சில்ட்ரன் படத்தில் ரயில் நிலையச் சுமைதூக்குபவர் பெர்க்ஸாக வருகிறார். பிறந்தநாளுக்குக் குழந்தைகள் ஊரெல்லாம் கேட்டுச் சேகரித்த பரிசுகளைப் பார்த்து, இது பிச்சை என்று முதலில் சினந்து, ஒவ்வொன்றையும் யார் ஏன் கொடுத்தார்கள் என்று படித்துக் காட்டக் காட்ட அவர் இளகுகிறாரே, அந்தக் காட்சியைக் கேசட் கெடுக்கவில்லை. நடிப்பும் முகமும் நம்பி எடுத்த படம் எந்தப் பெட்டியிலும் தாக்குப்பிடிக்கும். யார்க்ஷயரில் அதை எடுத்த ஓக்வர்த் நிலையத்தில் இன்றும் நீராவி ரயில் ஓடுகிறது. குழந்தைகளைத் தண்டவாளத்தில் விளையாடத் தூண்டும் என்று அப்படத்தின் மேல் பிரிட்டிஷ் தணிக்கை அமைப்புக்கு ஒரு புகார் வந்தது. வெளிவந்து நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

கேசட் குறைகளை மறைத்ததற்கு, பொம்மைகளை நடிக்கவைத்த தண்டர்பேர்ட்ஸ் தொடர் நல்ல சான்று. ஸ்லௌ நகரத் தொழிற்பேட்டையில் ஜெர்ரி, சில்வியா ஆண்டர்சன் குழுவினர் 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுத்த 32 அத்தியாயங்களும் பத்திரமாக இருக்கின்றன. அந்தச் சுருளை இன்றைய தரத்தில் பார்த்தால், பொம்மைகளை ஆட்டிய மெல்லிய கம்பிகள் பளிச்சென்று தெரிகின்றன. மங்கலான பழைய கேசட்டில் அவை கண்ணில் படாது. அதே தெளிவுதான் டெரக் மெடிங்ஸ் அமைத்த மாதிரி விமானங்களின் உடலில் புகையும் துருவும் பூசியிருக்கும் நேர்த்தியையும் காட்டுகிறது. கம்பி தெரிந்தாலும் அந்தத் தெளிவையே நான் தேர்ந்தெடுப்பேன்.

அந்தத் தொடரில் பார்க்கர் என்ற கார் ஓட்டுநருக்குக் குரல் கொடுத்த டேவிட் கிரஹாம், பீட்டர் ஹாக்கின்ஸுடன் சேர்ந்து முதன்முதலில் டாலெக்குகளுக்கும் குரல் கொடுத்தவர். டாக்டரின் விண்கலம் புறப்படும் ஓசையை பிரையன் ஹாட்ஜ்சன் ஒரு பழைய பியானோவின் தடித்த கம்பிகளில் வீட்டுச் சாவியைத் தேய்த்து உண்டாக்கினார். இவை வானொலி நேயர்களுக்கு உவப்பான செய்திகள் என்பதோடு, வேறொரு வகையிலும் பொருள் உள்ளவை. படம் அழிந்துபோன அத்தியாயங்கள் அனைத்தின் ஒலியும் இன்று இருக்கிறது. ஒளிபரப்பான மாலையில், வீட்டில் தொலைக்காட்சிக்கு அருகே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்துகொண்ட இளைஞர்கள் சிலரின் தயவு அது. டிரவுட்டன் டாக்டராக வந்த முதல் கதை, 1966-இல் ஆறு அத்தியாயமாக வந்தது, ஆறின் படங்களும் அழிந்தன. ஒலியைக் கேளுங்கள். நான் உங்கள் பணியாள் என்று ஒரு டாலெக் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதன் தந்திரத்தை உணர்ந்த டாக்டரின் சொல்லை மேலும் மேலும் அழுத்திக்கொண்டு அந்த ஒற்றை வாக்கியம் உயர்கிறது. 2016-இல் அந்த ஒலிக்கு ஓவிய அசைவுப்படம் வரைந்து வெளியிட்டார்கள். அதைவிட, ஜான் கியூரா என்ற புகைப்படக்காரர் அக்காலத்தில் தொலைக்காட்சித் திரையிலிருந்தே எடுத்துவைத்த படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒலியை மட்டும் கேட்பதே எனக்கு நிறைவாக இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, செப்பனிட்ட பதிப்பில் 1963-இன் முதல் அத்தியாயத்தையும், அடுத்து நைஜீரியாவிலிருந்து வந்த அந்த ஆறு அத்தியாயக் கதையையும், வாரத்துக்கு இரண்டு வீதம் பார்க்கச் சொல்வேன். டாலெக் படங்களை வாங்கினால் முழு அகலத்தில் உள்ள பதிப்புதானா என்று உறையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.