நீங்க என்ன பொருள் செஞ்சீங்க?

வணக்கம் நேயர்களே, பேச கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றி. வெளிநாட்டு வியாபாரத்தால வேலை போனவங்களுக்கு அமெரிக்க அரசாங்கம் கொடுத்த ஒரு உதவி பத்தி பேசப்போறேன். ட்ரேட் அட்ஜஸ்ட்மென்ட் அசிஸ்டன்ஸ்னு பேரு, சுருக்கமா டிஏஏ.

2007ல நான் இங்க அமெரிக்காவுல ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில க்ளெய்ம் பாக்குற வேலையில இருந்தேன். எங்க டிபார்ட்மென்ட் மொத்தமும் சென்னைக்குப் போகுது, அதுக்கு முன்னாடி அங்க இருக்கிற பிள்ளைங்களுக்கு வேலையை கத்துக்கொடுங்கன்னு சொல்லிட்டாங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு ஹெட்செட்டை மாட்டிட்டு உக்காருவோம், அங்க அப்பதான் விடிஞ்சிருக்கும். என் பேரைப் பாத்து தமிழ்னு கண்டுபிடிச்ச ஒரு பொண்ணு, "அக்கா, இந்த கோடு எப்போ போடணும்"னு தமிழ்லயே கேட்டுச்சு. அந்தப் பொண்ணு மேல எனக்கு அன்னிக்கும் கோவம் இல்ல, இன்னிக்கும் இல்ல. எங்க பக்கத்து சீட்ல ஒரு அம்மா, 22 வருஷ சர்வீஸ், தன் கையால எழுதி வச்ச நோட்டை பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணி அனுப்பிட்டு இருந்தாங்க, எதுவும் பேசல.

டிஏஏ பத்தி விசாரிச்சப்ப கிடைச்ச பதில், நீங்க பொருள் எதுவும் தயாரிக்கலையே. சட்டம் அப்படித்தான் இருந்துச்சு. 1962ல கென்னடி காலத்துல ஆரம்பிச்சது, 1974 சட்டத்துல திருத்தினாங்க, ஆனா உங்க கம்பெனி ஒரு பொருளை உற்பத்தி பண்ணியிருக்கணும்ங்கறது மாறவே இல்ல. சட்டை தைக்கிறவங்களுக்கு உண்டு, ஃபோன்ல கஸ்டமர்கிட்ட பேசுறவங்களுக்கு கிடையாது. சாஃப்ட்வேர் எழுதினவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. டிஸ்க்ல போட்டு வித்தா பொருள், ஒயர் வழியா அனுப்பினா பொருள் இல்லன்னு லேபர் டிபார்ட்மென்ட் சொன்ன வாதம் அங்க நிக்கல, 2006ல அவங்க தன் நிலைய மாத்திக்கிட்டாங்க. அதுலயும் சாஃப்ட்வேர் ஆளுங்களுக்குத்தான் வழி கிடைச்சது, எங்கள மாதிரி க்ளெய்ம், பில்லிங், கால் சென்டர் ஆளுங்க வெளியவே நின்னோம்.

2009ல பொருளாதாரத்த மீட்க கொண்டுவந்த ரெக்கவரி சட்டத்தோட சேத்துதான் சர்வீஸ் தொழிலாளிங்களையும் உள்ள கொண்டுவந்தாங்க. இன்னொன்னையும் மாத்தினாங்க. அதுவரைக்கும் வேலை மெக்சிகோ மாதிரி வர்த்தக ஒப்பந்தம் இருக்கிற நாட்டுக்குப் போனா சுலபம், இந்தியாவுக்குப் போனா இறக்குமதி கூடியிருக்கு, இல்ல கூடும்னு தனியா காட்டணும். 2009க்கு அப்புறம் எந்த நாட்டுக்குப் போனாலும் சரி. மூணு பேர் சேர்ந்து கையெழுத்து போட்டாலே மனு கொடுக்க முடிஞ்சது, யூனியன் வேணும்னு கட்டாயம் இருக்கல.

உதவியும் சின்னது இல்ல. படிப்புச் செலவு, படிக்கிற காலத்துல வாரா வாரம் பணம். 50 வயசு தாண்டினவங்க குறைஞ்ச சம்பளத்துக்கு வேற வேலைக்குப் போனா, வித்தியாசத்துல பாதி. 44,000 டாலர் வாங்கினவங்க 36,000க்குப் போனா வருஷம் 4,000 கிடைச்சது, பின்னாடி வந்த சட்டப்படி ரெண்டு வருஷத்துல 10,000 வரைக்கும். அந்த அம்மா வயசுக்காரங்களுக்கு அது வீட்டு லோன் கட்டுற காசு.

ஆனா கொடுத்ததை பிடுங்குறதும் திரும்பக் கொடுக்குறதுமா ஆச்சு. 2011 பிப்ரவரியில போச்சு, அக்டோபர்ல வந்துச்சு, 2014ல போச்சு, 2015ல வந்துச்சு, 2021 ஜூலை 1ல மறுபடி சர்வீஸ் ஆளுங்கள வெளிய தள்ளிட்டாங்க, 2022 ஜூலை 1ல இருந்து புதுசா யாரையுமே உதவிக்குத் தகுதின்னு சர்டிஃபை பண்றது இல்ல. அதே சீட்டு, அதே வேலை, ஆனா மனு கொடுத்த தேதிய பொறுத்து ஒருத்தருக்கு உண்டு, இன்னொருத்தருக்கு இல்ல. இத நான் அநியாயம்னுதான் சொல்லுவேன்.

இப்போ லேஆஃப் ஆனவங்க கேட்டுட்டு இருந்தீங்கன்னா, உங்க ஊர் ஜாப் சென்டர்ல டிஸ்லொக்கேட்டட் வொர்க்கர் உதவி, அதாவது லேஆஃப்ல வேலை போனவங்களுக்கான உதவி, கேளுங்க, அதுல நீங்க என்ன தயாரிச்சீங்கன்னு கேக்க மாட்டாங்க, பயிற்சிக்கு வழி இருக்கு. உங்க காங்கிரஸ் மெம்பர் ஆஃபீஸுக்கு ஃபோன் பண்ணி டிஏஏவ திரும்பக் கொண்டுவாங்கன்னு சொல்றவங்க, அதோட நிறுத்தாதீங்க, சர்வீஸ் தொழிலாளிங்களையும் சேத்துன்னு சொல்லுங்க, பொருள் செஞ்சவங்களுக்கு மட்டும்னு இருந்த பழைய 2002 சட்டத்தையே தூசி தட்டி கொண்டுவந்தா நாம திரும்பவும் வாசல்லதான் நிப்போம்.