எம்டன் வந்த அன்று காலையில் யூ-9 செய்தது

வணக்கம் மக்களே! எம்டன் கப்பல் சென்னை மீது குண்டு போட்ட கதை உங்களில் நிறைய பேருக்குத் தெரிந்திருக்கும். முதல் உலகப் போர் நேரம், 1914 செப்டம்பர் 22, இரவு. அதே நாள் காலையில் நெதர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் இன்னொரு ஜெர்மன் கப்பல் செய்த சேதம் இதைவிடப் பல மடங்கு பெரிது. அதுதான் யூ-9, ஒரு நீர்மூழ்கி.

முதலில் கப்பலைப் பார்ப்போம். டான்சிக் நகரில் (இன்று போலந்தில் இருக்கிற க்டான்ஸ்க்) கட்டி 1910-இல் கடற்படையில் சேர்த்தார்கள். நீளம் சுமார் 57 மீட்டர். டீசல் கிடையாது, கடலின் மேலே ஓடும்போது மண்ணெண்ணெய் எஞ்சின்தான். அது கக்குகிற வெள்ளைப் புகை தூரத்திலேயே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். மறைந்திருந்து அடிக்க வேண்டிய கப்பலுக்கு இப்படி ஒரு எஞ்சின்! தண்ணீருக்குள் போய்விட்டால் பேட்டரி மோட்டார், வேகம் 8 நாட், அதாவது மணிக்கு சுமார் 15 கிலோமீட்டர். தண்ணீருக்குள் பாய்ந்து போய்க் கப்பலில் மோதி வெடிக்கும் டார்பிடோ மொத்தமே ஆறு. போர் தொடங்கும்போதே இது பழைய ரகம்.

அன்று எதிரே வந்தவை அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி என்ற மூன்று பிரிட்டிஷ் குரூசர்கள், அதாவது பெரிய போர்க்கப்பல்கள். அவையும் பழசு. பாதுகாப்புக்கு வர வேண்டிய டெஸ்ட்ராயர்கள் என்ற சின்ன, வேகமான போர்க்கப்பல்கள் மோசமான வானிலையால் கூட இல்லை. வளைந்து வளைந்து போகாமல், மெதுவாக, நேர்கோட்டில் வந்துகொண்டிருந்தன. யூ-9-இன் கேப்டன் ஓட்டோ வெட்டிகன் காலை 6.20 அளவில் அபூகிர் மீது ஒரு டார்பிடோவை விட்டார்.

அபூகிரின் கேப்டன் கண்ணிவெடி என்று நினைத்துவிட்டார். மற்ற இரண்டையும் உதவிக்குக் கூப்பிட்டார். ஹோக் வந்து படகுகளை இறக்கியது. அதன் மீது இரண்டு டார்பிடோ. டார்பிடோக்கள் வெளியே போய்க் கனம் குறைந்ததும் யூ-9-இன் மூக்கு தண்ணீருக்கு மேலே எழும்பிவிட்டது, ஹோக்கின் பீரங்கிகள் சுட ஆரம்பித்தன. அதிலிருந்தும் தப்பி உள்ளே போய்விட்டது நீர்மூழ்கி. அப்புறம் கிரெஸ்ஸி. மீதி மூன்று டார்பிடோவும் அதற்குத்தான் செலவாயின.

ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்று கப்பல்களும் காலி. இறந்தவர்கள் 1,459 பேர். அவர்களில் பயிற்சியில் இருந்த சின்னப் பையன்களும் உண்டு. நெதர்லாந்துக் கப்பல்களும் மீன்பிடிப் படகுகளும் வந்து சுமார் 800 பேரைக் காப்பாற்றின.

என்னைக் கேட்டால், யூ-9-இன் திறமை பாதிதான். மூழ்குகிறவர்களைத் தூக்க மற்றவர்கள் நின்றார்கள் பாருங்கள், மீதி வேலையை அதுவே செய்துவிட்டது. ஆனால் அதற்காக அவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பெரிய கப்பல்கள் இப்படி நிற்கக் கூடாது என்று பிரிட்டிஷ் கடற்படை அதன்பிறகுதான் உத்தரவே போட்டது.

ஜெர்மன் பேரரசர் கைசர் மகிழ்ந்துபோய் கப்பலுக்கே இரும்புச் சிலுவை விருது கொடுத்தார். அந்தப் போரில் அந்த மரியாதை கிடைத்த இன்னொரு கப்பல் எது தெரியுமா? நம்ம எம்டன்!

அக்டோபர் 15-இல் வெட்டிகன் ஹாக் என்ற குரூசரையும் மூழ்கடித்தார். பிறகு யூ-29-க்கு மாறினார். 1915 மார்ச்சில் ட்ரெட்நாட் என்ற போர்க்கப்பல் அந்த நீர்மூழ்கி மீது நேராக மோதி அமுக்கிவிட்டது. ஒருவரும் பிழைக்கவில்லை. யூ-9 பயிற்சிக் கப்பலாகி, 1918 நவம்பரில் பிரிட்டனிடம் சரணடைந்து, அடுத்த வருஷம் உடைத்து விற்கப்பட்டது.

சரி, அந்த ட்ரெட்நாட் பற்றி அடுத்த வீடியோவில் பேசலாம். நன்றி, வணக்கம்!