கல்லடி பட்ட தளபதி

நண்பர்களே, 1812-ஆம் ஆண்டு. மாஸ்கோவுக்குத் தென்மேற்கே கலூகா நகரம். ஒரு குதிரை வண்டி ஊருக்குள் வருகிறது. உள்ளே இருப்பது யார் என்று தெரிந்ததும் கூட்டம் சூழ்ந்துகொள்கிறது. "துரோகி!" என்று கூச்சல். வண்டி மேல் கல் வந்து விழுகிறது. உள்ளே இருந்தவர் மிகயீல் பார்க்ளே டி தோல்லி. சற்று முன்புவரை ருஷ்யாவின் போர் அமைச்சர், முதல் மேற்குப் படையின் தளபதி. அன்று மாஸ்கோ நெப்போலியன் கையில் இருந்தது. பழியை யார் தலையில் போடுவது? இவர் தலையில் போட்டார்கள். அந்தப் பழியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஸ்காட்லாந்திலிருந்து பால்டிக் கரையிலுள்ள ரீகா நகரில் வந்து குடியேறிய வம்சம். தாய்மொழி ஜெர்மன், மதம் லூத்தரன். பெரிய சொத்துபத்து கிடையாது. அடிமட்டத்திலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர். 1807-இல் நெப்போலியனை எதிர்த்த ஐலாவ் போரில் வலக்கை எலும்பு நொறுங்கியது. 1809 மார்ச்சில் உறைந்து கிடந்த கடல் மேலேயே படையை நடத்திக்கொண்டு போய் ஸ்வீடன் கரையில் இறங்கினார். 1810-இல் அமைச்சர்.

1812 ஜூனில் நெப்போலியன் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட படையோடு ருஷ்ய எல்லையான நேமன் நதியைத் தாண்டினார். பார்க்ளேயிடம் இருந்தது சுமார் 1,20,000 பேர். இன்னொரு ருஷ்யத் தளபதி பக்ரத்தியோனின் இரண்டாம் படை தனியாக, தொலைவில் நின்றது. இரண்டையும் கூட்டினாலும் எதிரியின் பாதி வராது. சக்கரவர்த்தி அலெக்சாண்டர் படையை விட்டுப் புறப்படும்போது இவரிடம், "என்னிடம் இருப்பது இந்த ஒரு படைதான், மறந்துவிடாதே" என்று சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். அந்தச் சொல்லை வைத்துத்தான் இவரைப் புரிந்துகொள்ள வேண்டும். இருக்கிற ஒரே படையை ஒரே நாள் சூதாட்டத்தில் வைக்க இவர் மறுத்தார். பின்னால் போனார். கிடாமுட்டு பார்த்தவர்களுக்குத் தெரியும், கிடா பின்னால் போவது பயத்தினால் அல்ல.

ஆனால் மாஸ்கோ போகும் வழியில் இருந்த ஸ்மோலென்ஸ்க் நகரம் எரிந்தபோது சொந்தப் படையே கொதித்தது. 'ஜெர்மன்காரன் நாட்டை விற்கிறான்' என்றார்கள். பெயரையே திரித்து 'பல்தாய் தா இ தோல்கா' என்று கேலி செய்தார்கள். வெறும் பேச்சு, வேறொன்றுமில்லை என்று பொருள். அளந்து பேசுகிற மனிதருக்கு அந்தப் பட்டம்! திட்டத்தை வாய்விட்டு விளக்கினால் எதிரிக்கும் தெரிந்துவிடும். அதனால் பேசாமல் தாங்கிக்கொண்டார்.

கடைசியில் மொத்தப் படைக்கும் தலைவராக மூத்த தளபதி குத்தூசவ் வந்தார். வந்தவரும் பின்வாங்கினார்! அவரை யாரும் துரோகி என்று சொல்லவில்லை. அவர் ருஷ்யர்.

செப்டம்பர் 7, மாஸ்கோவுக்கு மேற்கே பொரோதினோவில் பெரும் போர். வழிக்காவல், பசி, நோய் என்று கரைந்து கரைந்து நெப்போலியனிடம் களத்தில் மிஞ்சியது சுமார் 1,30,000 பேர். பார்க்ளே அன்று காலை முழு அலங்காரச் சீருடை அணிந்து, எல்லாப் பதக்கங்களையும் மார்பில் குத்திக்கொண்டு வந்தார். குண்டு எங்கே அதிகமாக விழுகிறதோ அங்கே போய் நின்றார். ஒன்றன்பின் ஒன்றாகக் குதிரைகள் அவருக்குக் கீழே செத்து விழுந்தன. துணை அதிகாரிகளில் பெரும்பாலோர் மாண்டார்கள் அல்லது காயப்பட்டார்கள். சாவைத் தேடித்தான் வந்தார் என்று உடனிருந்தவர்களே நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். இவரை வாய் ஓயாமல் ஏசிய பக்ரத்தியோனுக்கு அன்றுதான் உயிர்போகும் காயம் பட்டது. படையின் கதி இனி பார்க்ளே கையில் என்று அவர் சொல்லி அனுப்பியதாக ஒரு செய்தி உண்டு.

ஆறு நாள் கழித்து, மாஸ்கோவை ஒட்டிய ஃபிலி கிராமத்தில் ஒரு குடியானவர் வீட்டில் ஆலோசனை. மாஸ்கோவைக் கைவிட்டுப் படையைக் காப்பாற்றுவோம் என்று பேசியவர் பார்க்ளே. எல்லோர் காதுக்கும் கசந்த பேச்சு. குத்தூசவ் எடுத்த முடிவும் அதுவே. சில வாரங்களில் பார்க்ளே படையை விட்டு விலகினார். வழியில்தான் கலூகா, கல்.

மறு ஆண்டே அவரைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியில் நெப்போலியனைத் தோற்கடித்த லைப்சிக் வெற்றிக்குப் பிறகு கவுண்ட் என்ற பிரபுப் பட்டம். 1814 மார்ச்சில் பாரிஸ் விழுந்ததும் ஃபீல்டு மார்ஷல். 1818-இல் சிகிச்சைக்குப் போகும் வழியில் பிரஷ்யாவில் காலமானார். 1837-இல் பீட்டர்ஸ்பர்க் கஸான் தேவாலயத்தின் முன்னால் குத்தூசவுக்கும் இவருக்கும் ஒரே நேரத்தில், ஒரே சிற்பி வடித்த இரண்டு சிலைகள் வைத்தார்கள். இருவர் காலடியிலும் பிரெஞ்சுக் கொடிகள் கிடக்கின்றன.