அதே நம்பரைப் போட்டு அனுப்புங்கள்

நேயர்களுக்கு வணக்கம். டவுன் ரத வீதியில் சாமான் வாங்கிவிட்டு யுபிஐ-யில் பணம் அனுப்புகிறீர்கள். போனில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கடைக்காரர் "இன்னும் வரலையே" என்கிறார். மறுபடி அனுப்பலாமா, வேண்டாமா? அந்தத் தவிப்பைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இதே தவிப்பு கம்ப்யூட்டர்களுக்கும் உண்டு. பெரிய கடைகளும் அவர்களுக்குச் சரக்கு கொடுப்பவர்களும் ஆர்டர், பில், லாரி கிளம்பிய விவரம் எல்லாவற்றையும் ஆள் தொடாமல் கம்ப்யூட்டர் வழியாகவே அனுப்பிக்கொள்கிறார்கள். தொழிலில் இதை ஈடிஐ என்பார்கள். புதுசு ஒன்றும் இல்லை, எடிஃபேக்ட் என்கிற பொது வடிவம் 1987-லேயே வந்துவிட்டது, கப்பல் கம்பெனிகளும் துறைமுகங்களும் கண்டெய்னர்களைப் பற்றி இன்றும் அதில்தான் பேசிக்கொள்கின்றன.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிற அண்ணாச்சி ஒருவர் எனக்குப் பழக்கம். வெளியூரில் ஒரு பெரிய கடைக்கு அவர் சரக்கு அனுப்புகிறார், பெயர் வேண்டாம். ஒரு ஐப்பசி மாதம் அந்தக் கடையிலிருந்து 200 பெட்டிக்கு ராத்திரியில் ஆர்டர் வந்தது. அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் அதை வாங்கிவிட்டு, வந்து சேர்ந்தது என்று ரசீது அனுப்புகிற நேரம் பார்த்து இணையம் போய்விட்டது. ஆர்டர் இங்கே பத்திரமாக இருக்கிறது, ரசீது மட்டும்தான் அங்கே போகவில்லை. அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் காத்திருந்து பார்த்துவிட்டு மறுபடி அனுப்பியது. அது வரைக்கும் அது செய்தது முழுக்கச் சரி. ஆனால் மறுபடி அனுப்பும்போது செய்திக்குப் புது நம்பர் போட்டுவிட்டது.

அவ்வளவுதான், இங்கே அது இன்னொரு ஆர்டர் ஆகிவிட்டது. மழை மாதத்தில் அப்பளம் காய வைப்பது எவ்வளவு பாடு என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கொஞ்சம் வெயில் வந்தால் பாயை விரிக்கவும் தூறல் விழுந்தால் சுருட்டிக்கொண்டு ஓடவுமாக அத்தனை பெண்களும் நின்று 400 பெட்டி முடித்துக் கொடுத்தார்கள். கடைக்காரர்கள் 200-ஐ இறக்கிக்கொண்டு மீதியைத் திருப்பிவிட்டார்கள். "கேட்டதத்தானய்யா அனுப்புனேன், அவன் எதுக்குத் திருப்பி அனுப்புதான்?" என்று அண்ணாச்சி கேட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை. இரண்டு செய்திக்குள்ளும் கொள்முதல் ஆர்டர் எண் ஒன்றேதான். செய்தி நம்பரைப் பார்த்ததோடு அவருடைய மென்பொருள் நின்றுவிட்டது, உள்ளே பார்க்கவில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அனுப்பியவருக்கு ரசீது வரவில்லை என்றால் செய்தி தொலைந்திருக்கலாம், ரசீது தொலைந்திருக்கலாம். எது என்று அவருக்குத் தெரிய வழியே கிடையாது. ரசீதுக்கு ஒரு ரசீது, அதற்கும் ஒன்று என்று போனாலும் கடைசியாக அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகம் தீராது. இதற்கு 'இரு தளபதிகள் சிக்கல்' என்று 1978-லேயே ஜிம் கிரே என்ற கணினி அறிஞர் பெயர் வைத்துவிட்டார். அதனால் மறுபடி அனுப்பத்தான் வேண்டும். அனுப்பும்போது அதே நம்பரைப் போட்டு அனுப்ப வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், அதே நம்பர். வாங்குகிறவர் வந்த நம்பரை எல்லாம் எழுதி வைத்திருந்து, ஏற்கெனவே வந்த நம்பர் என்றால் ஆர்டரை விட்டுவிட வேண்டும்.

ஆர்டரை விட்டுவிடலாம், ரசீதை விடக்கூடாது. பழைய செய்திதானே என்று பேசாமல் இருந்துவிட்டால் அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டே இருக்கும். அப்புறம், முதலில் ஆர்டரை டிஸ்கில் எழுதிவிட்டுத்தான் ரசீது கொடுக்க வேண்டும். முந்திக்கொண்டு ரசீது கொடுத்துவிட்டு அந்த நேரம் கரண்ட் போனால் ஆர்டர் போனது போனதுதான், சேர்ந்துவிட்டது என்று நம்பி அனுப்பியவரும் சும்மா இருந்துவிடுவார். 2002-ல் வந்த ஈபிஎக்ஸ்எம்எல் செய்தி முறையில் எத்தனை தடவை மறுபடி அனுப்புவது, எவ்வளவு நேரம் விட்டு அனுப்புவது, நம்பரை எத்தனை நாள் நினைவில் வைப்பது என்று இரு தரப்பும் முன்கூட்டியே பேசிக்கொள்ள இடம் உண்டு. ஒருவர் ஒரு வாரம் வரைக்கும் மறுபடி அனுப்புவார், மற்றவர் இரண்டு நாளில் நம்பரை அழித்துவிடுவார் என்றால் பழைய கதைதான்.

ஜிஎஸ்டி மின்பில் போடுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். 2023 ஆகஸ்ட் முதல் ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களும் தங்கள் வியாபார பில்களைப் பதிவு செய்ய வேண்டும். விற்பவரின் ஜிஎஸ்டி எண், ஆவண வகை, ஆவண எண், நிதியாண்டு இவற்றிலிருந்தே ஐஆர்என் என்கிற 64 எழுத்துப் பதிவு எண் உருவாகிறது. அதே பில்லை மறுபடி போட்டால் இன்னொரு ஐஆர்என் கிடைக்காது, ஏற்கெனவே பதிவானது என்றுதான் பதில் வரும். நம்பர் பில்லிலிருந்தே பிறப்பதால் யாரும் அவசரத்தில் புதுசாக ஒன்றைப் போட்டுவிட முடியாது. எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு இது.

ஈடிஐ செய்திகளை இணையம் வழியாக அனுப்ப 2005-ல் எழுதி வைத்த ஏஎஸ்2 முறையின் ரசீதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டதாகக் கை காட்டுகிறார்கள். சுருக்கமாக, செய்தி மாறாமல் வந்தது என்பதற்கு அந்த ரசீது சாட்சி, ஆர்டரை ஒப்புக்கொண்டதாக அர்த்தம் இல்லை, அதற்குத் தனிப் பதில் உண்டு. இன்னொன்று, வரிசை. ரத்துச் செய்தி ஆர்டருக்கு முன்னால் வந்து சேர்ந்தால் அதை எறிந்துவிடாமல் ஆர்டர் வரும் வரை எடுத்து வைக்க வேண்டும், உங்கள் மென்பொருள்காரரிடம் இதையும் கேட்டுப் பாருங்கள். நன்றி, வணக்கம்.