பிரபஞ்சத்தோட முதல் நட்சத்திரச் செய்தி, உங்க எஃப்.எம். ரேடியோ வரிசையில!

பழைய ரேடியோவுல முள்ளைத் திருப்பும்போது ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல "உஸ்ஸ்"னு ஒரு இரைச்சல் கேக்கும்ல? அந்த இரைச்சலுக்குள்ள, முதல் நட்சத்திரங்கள் பிறந்த காலத்துல கிளம்பின ரேடியோ அலையும் ரொம்ப ரொம்ப மெலிசா கலந்திருக்கு. அதைப் பிரிச்செடுக்கத்தான் மேற்கு ஆஸ்திரேலியாவுல 1,31,072 ஆன்டெனா நடுறாங்க!

திட்டத்தோட பேரு ஸ்கொயர் கிலோமீட்டர் அரே, சுருக்கமா எஸ்.கே.ஏ. இன்னொரு பாதி, 197 டிஷ், தென்னாப்பிரிக்காவுல. 2022 டிசம்பர்ல கட்டுமானம் ஆரம்பிச்சது. இந்தியாவும் 1,250 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கு. பின்னணி இவ்வளவு போதும்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ஒரு ஹைட்ரஜன் அணு. அதுல இருக்கிற எலக்ட்ரானோட சுழற்சித் திசை எப்பவாவது தலைகீழா மாறும். மாறும்போது 21 செ.மீ. அலைநீளத்துல துளியூண்டு ரேடியோ அலை வெளிவரும். ஒரே ஒரு அணுவைத் தனியா விட்டுட்டுக் காத்திருந்தா, இது நடக்க சராசரியா 1 கோடி வருஷம் ஆகும்! ஆனா அன்னைக்குப் பிரபஞ்சம் முழுக்க ஹைட்ரஜன்தானே? கோடானுகோடி அணுவும் சேர்ந்து முணுமுணுத்தா, நமக்குக் கேக்கும்.

கிளம்பும்போது அது 1,420 மெகாஹெர்ட்ஸ். பிரபஞ்சம் விரிய விரிய அந்த அலையும் இழுபட்டு நீளுது. பெருவெடிப்புக்கு 30 கோடி வருஷம் கழிச்சுக் கிளம்பினது, 3 மீட்டரா நீண்டு, 100 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வந்து நிக்குது. நம்ம எஃப்.எம். எங்க இருக்கு? 88-லருந்து 108!

அங்கருந்து 200 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் மெல்ல டியூன் பண்ணிக்கிட்டே போனா, அடுத்த 60 கோடி வருஷக் கதையும் படமா விரியும். நட்சத்திர வெளிச்சம் பட்டா ஹைட்ரஜன் எலக்ட்ரானை இழந்துடும், அந்த இடத்துல சிக்னல் நின்னுடும். கல்லுல ஊத்தின தோசையில ஓட்டை விழுமே, அதே மாதிரி! ஓட்டை எங்கயோ, அங்க நட்சத்திரக் கூட்டம். ஓட்டையெல்லாம் பெருசாகி ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து, கடைசியில மாவே மிஞ்சாது. இதுவரைக்கும் யாரும் பார்க்காத படம் இது.

சிக்கல் என்னன்னா, நம்ம பால்வீதியே இதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சத்தம் போடுது. அதுக்கு மேல எஃப்.எம். ஸ்டேஷனும் சேர்ந்தா? அதனாலதான் ஆன்டெனா நடுறதுக்கு மேற்கு ஆஸ்திரேலியாவோட மர்ச்சிசன் பகுதி. கேரளாவைவிடப் பெரிய பரப்பு, ஜனத்தொகை நூறை ஒட்டித்தான்! அங்கத்த பூர்வகுடிகளான வஜாரி யமாஜி மக்களோட மண் அது. ஆன்டெனா நிக்கிற இடத்துக்கு அவங்க வெச்ச பேருக்கு "வானத்தையும் நட்சத்திரங்களையும் பகிர்ந்துக்கிறது"ன்னு அர்த்தம். எவ்வளவு அழகு பாருங்க!

பல்சர்களை, அதாவது வேகமாச் சுழலுற செத்துப்போன நட்சத்திரங்களை வெச்சு ஈர்ப்பு அலையைப் பிடிக்கிறது, கேலக்ஸிகளோட காந்தப்புலம், கோள்கள் உருவாகிற தூசித் தட்டுன்னு வேற இலக்குகளும் இருக்கு. பல்சருக்குத் தனி வீடியோ வேணும்னா கமென்ட்ல கேளுங்க.

2025 மார்ச்ல ஆஸ்திரேலிய ஆன்டெனாக்களோட முதல் படம் வந்துச்சு. வேலை செஞ்சது 1,024 ஆன்டெனாதான், மொத்தத்துல 1 சதவீதம்கூட இல்ல. அதுலயே சுமார் 85 கேலக்ஸி தெரிஞ்சது. அந்தப் படத்தைத்தான் இப்போ திரையில பார்க்கிறீங்க. ஒவ்வொரு புள்ளியா நிதானமாப் பாருங்க.